பீரோக் கதவில் நடக்கும் யுத்தம்

"க்யா ஹோனா, அக்தரி?"

என்ன வேண்டும் என்று உருதுவில் கேட்டுவிட்டு, சமீருல்லா கைப்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்துகிறார். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைக்கப்பட்டிருக்கும் அவர் மனைவி அக்தரி பேகம், இன்னும் சொன்னபடி கேட்கும் இடது கையால் போர்வையைத் தட்டிக்கொண்டே பதில் சொல்கிறார்: "நன்ன நன்னா நூன்ல நொன்னு நோ நுன்னுன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறார். "நீன்ன நோன்னுன்ன."

"சபாஷ்" என்கிறார் சமீருல்லா. எழுந்து பீரோவுக்கு முன்னால் போய் நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுக்கிறார். காலணித் தொழிற்சாலைகளில் தோலின் மேல் குறி போடுவதற்கு வைத்திருக்கும் பேனா அது. கறுப்புத் தோலிலும் பளிச்சென்று தெரியும். காபி நிற பீரோவிலும் தெரிகிறது. மனைவி சொன்னதை அவர் எழுத்தாக எழுதுவதில்லை. குட்டை ஓசைக்குச் சின்னக் கோடு, நீண்ட ஓசைக்குப் பெரிய கோடு, மூச்சு வாங்கினால் ஒரு புள்ளி. தள்ளி நின்று பார்த்தால், யாரோ பீரோவுக்குத் தையல் போட்டுவைத்திருப்பது போலத் தெரியும். இடது கதவு நிரம்பிவிட்டது. வலது கதவில் பாதிக்குமேல் ஆகிவிட்டது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை தினமும் இந்தப் பணி. அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற ஆண்கள் செய்வதற்கு ஆம்பூரில் கௌரவமான காரியங்கள் பல உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டாலர் மதிப்பைத் திருத்தியமைக்கலாம். பாலாற்றுப் பாலத்தில் நின்று, தண்ணீர் இருந்த இடத்தைப் பார்வையிடலாம். சமீருல்லா இவற்றையெல்லாம் துறந்தவர். அவர் போர்முனையில் இருக்கிறார்.

அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் போரை ஆரம்பம் முதல் கவனித்து வருகிறேன். போர்ச் செய்தியாளனுக்கு வேண்டிய நடுநிலை என்னிடம் உண்டு. தைரியம்தான் கிடையாது.

ஆள் ஒல்லி. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். தொழிற்சாலை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் நாடாவைக் கொடுக்கவில்லை. இப்போது அதில் வீட்டுச் சாவி தொங்குகிறது. எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வருவது ஒரே வாக்கியம்தான்: "அதுக்கு ஒரு சிஸ்டம் இருக்குது சார்." பால் காய்ச்ச ஒரு சிஸ்டம், கொசுவலை கட்ட ஒரு சிஸ்டம், மாடி வீட்டுக்காரன் மோட்டார் போட ஒரு சிஸ்டம். மூன்றாவதை நான் அனுபவித்திருக்கிறேன். தண்ணீர் வராது, சிஸ்டம் சரியாக இருக்கும்.

ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பிளானிங் பார்த்தவர். எந்த ஆர்டர் எந்த வாரம் வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, அச்சிலேறி, பெட்டிக்குள் படுத்துக் கப்பலுக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று மேலதிகாரிகள் தூரத்தில் நின்று விவாதித்துக்கொண்டிருந்தார்களாம். சமீருல்லா போய் சுவிட்சைப் போட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் கம்ப்யூட்டர் பாய். இங்கிருந்து வெள்ளைக்காரர்களின் காலுக்குப் போன ஒவ்வொரு மாடலின் ஆர்டிகிள் எண்ணும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார் என்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பும் அளவுக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். வீடு திரும்பும் நேரம் ஷிப்மென்டைப் பொறுத்தது. ஷிப்மென்ட் இல்லாத வாரம் என்று ஒன்று இருந்ததில்லை.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு நிறுவனம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. நார்தாம்ப்டன் என்று ஒரு ஊர். ஆம்பூரைப் போலவே காலணி தைத்துப் பெயர் வாங்கிய ஊர். அங்கே ஒரு கிடங்கில், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அளவும் உள்ளே இருந்த காலணியின் அளவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சமீருல்லா போய்ப் பெட்டிகளைத் திறந்து திறந்து சமாதானம் செய்துவைத்தார். விடுமுறை நாளன்று கிடங்கு மேலாளர், நல்ல மனம் படைத்த வெள்ளைக்காரர், லண்டனைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றினார். வழியில் பேச்சு கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டது. கார் லண்டனை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அப்படித்தான் அவர் பிளெட்ச்லி பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில், எனிக்மா என்ற இயந்திரத்தில் போட்டுக் குழப்பி ஜெர்மானியர்கள் அனுப்பிய ரகசியச் செய்திகளை, ஆயிரக்கணக்கான பேர் இரவு பகலாக உட்கார்ந்து பிரித்துப் படித்த இடம். இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

"உலகத்தையே காப்பாத்துன எடம்னாங்க சார். நானும் கோட்டை கொத்தளம்னு நெனச்சிக்கினு எறங்கறேன். ஒரு பங்களா. ஒரு ஏரி. நாலு வாத்து. மத்ததெல்லாம் மரக் கொட்டாயி. நம்ம ஃபாக்டரி சைக்கிள் ஷெட்டு கூட இத்த விட ஸ்ட்ராங்கு சார்!"

கொட்டகைக்குள் போனதும் ஆளே மாறிவிட்டார். மேசைகள், மங்கலான விளக்கு, சுவரில் மாட்டிய கோட்டுகள். பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் அருங்காட்சியகம். அங்கே, எனிக்மா செய்திகளைப் பிரிக்க உதவிய அந்தக் காலத்து இயந்திரத்தைப் போலவே திரும்பக் கட்டிய ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். வரிசை வரிசையாக, நிறம் நிறமாக டிரம்கள் சுழன்றன. "க்ளோசிங் செக்‌ஷன்ல எல்லா தையல் மிஷினையும் ஒண்ணா ஓட்டுன மாதிரி சத்தம். கண்ண மூடிக்கினா ஆம்பூர்தான் சார்." அந்த இயந்திரங்களை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள் என்றும், இயந்திரம் நின்றால் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர எதற்காக அது ஓடுகிறது என்றே பலருக்குத் தெரியாது என்றும் வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். சமீருல்லா உருகவில்லை. "நம்ம பொண்ணுங்களுக்கு மட்டும் தைக்கிற ஷூ எவன் காலுக்குப் போவுதுன்னு தெரியுமா?" என்று மேலாளரைக் கேட்டாராம். மேலாளர் ஷூவைப் பார்த்துக்கொண்டாராம்.

அடுத்த அறையில் கொலோசஸ். காகித நாடா சக்கரங்களில் பறக்க, கண்ணாடி வால்வுகள் செந்தணலாய் ஒளிர, ஒரு சுவர் நீளத்துக்கு நின்ற கம்ப்யூட்டரின் முப்பாட்டன். அந்தக் குளிர் தேசத்தில் முதன்முறையாக அங்கேதான் அவருக்குக் கதகதப்பாக இருந்தது. போர் முடிந்ததும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்று கேட்டபோது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஆர்டர் முடிஞ்சதும் அச்ச ஒடச்சி காயலான் கடைக்குப் போடற மாதிரி போட்டுட்டாங்க சார்!"

அங்கே வேலை செய்தவர்கள் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. கணவனும் மனைவியும் இருவருமே அங்கே வேலை பார்த்துவிட்டு, அதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே பல பத்தாண்டுகள் குடும்பம் நடத்திய கதையை வழிகாட்டி சொன்னதும் சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப்போனார்கள். சமீருல்லாவுக்கு மட்டும் அதில் ஆச்சரியம் எதுவும் தென்படவில்லை. "இதுக்குப் போயி வாயப் பொளக்கறாங்க. புருஷன் பொண்டாட்டின்னா இன்னா, தெனம் ரிப்போர்ட்டா குடுப்பாங்க?"

ஊர் திரும்பியவரிடம் உறவுக்கூட்டம் லண்டன் போட்டோ கேட்டது. அவர் மரக் கொட்டகையின் போட்டோவைக் காட்டினார். மணிக்கூண்டு எங்கே என்றார்கள். டிரம்களைக் காட்டினார். டிரம்களில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கும் தங்கை மகன் ஷாஹித் கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டிரம்மா? டிரம்மு பாக்கவா மாமு பிளேன் ஏறிப் போனீங்க? நம்ம ஷாப்புல எட்டு ஓடுது, வாங்க, டீயோட காட்டறேன்" என்றார். அத்துடன் ஆம்பூரில் கம்ப்யூட்டர் வரலாறு முடிவுக்கு வந்தது.

ஓய்வு விழாவில் போர்த்திய சால்வையின் மடிப்புக் கலைவதற்குள் அக்தரி பேகம் சமையலறையில் விழுந்தார். மூளையில் அடைப்பு. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. சரியாகச் சொன்னால், பேச்சு போகவில்லை, சொற்கள்தான் போயின. குரல் இருக்கிறது. ஏற்ற இறக்கம் இருக்கிறது. கோபம், கெஞ்சல், கேள்வி எல்லாம் இருக்கின்றன. எல்லாமே மூக்கு வழியாக ஒரே ஓசையில் வருகின்றன. ஒரே ஒரு சொல் மட்டும் முழுசாகப் பிழைத்திருந்தது: பானி. தண்ணீர்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் கிறிஸ்டினா என்ற இளம்பெண் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல என்ன பாஷை பேசுவாங்க சார்?"

"உருது" என்றார் சமீருல்லா, நெஞ்சை நிமிர்த்தி.

"அம்மா பொறந்த வீட்லயும் உருதுதானா?"

"எங்க வீட்ல உருதும்மா. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். படங்கள் வந்தன. ஆப்பிள் படத்தைக் காட்டி 'சேப்' என்றார்கள். கதவைக் காட்டி 'தர்வாஸா' என்றார்கள். அக்தரி பேகம் அந்தப் படங்களை, பெண் பார்க்க வந்த இடத்தில் தட்டில் வைத்த மிக்சரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார், தொடவில்லை. சில வாரங்களில் சமீருல்லா பயிற்சியை நிறுத்திவிட்டார். "சின்னப் பசங்க பாடம் சார் அது. இது சைபர், ரகசிய பாஷை. இதுக்கு ஒரு சிஸ்டம் இருக்குது."

சிஸ்டம் பிளெட்ச்லியிலிருந்து வந்தது. எனிக்மாவில் ஓர் எழுத்தை அடித்தால் வேறு எந்த எழுத்து வேண்டுமானாலும் வரும். அதே எழுத்து மட்டும் வராது. வழிகாட்டி சொன்ன இந்த விதியை அவர் மனைவிக்குப் பொருத்தினார். ஆகவே, அக்தரி 'பானி' என்று சொன்னால் அது எதுவாகவும் இருக்கலாம், தண்ணீராக மட்டும் இருக்க முடியாது. கத்திரி வெயில் அடித்த ஒரு மத்தியானம் அவர் "பானி, பானி" என்று கதறியபோது, சமீருல்லா மின்விசிறியைக் கூட்டினார், தலையணையை மாற்றினார், திரையை இழுத்துவிட்டார், கைப்பேசியில் குர்ஆன் ஓதலை ஒலிக்கவிட்டார், கடைசியாகப் படுக்கைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அக்தரி பேகம் இடது கையை நீட்டி, மாத்திரை கரைப்பதற்காக வைத்திருந்த டம்ளரை இழுத்து, மேலெல்லாம் ஊற்றிக்கொண்டு குடித்தார். எனிக்மாவுக்கு இருந்த ஒழுங்கு அவருக்கு இல்லை என்பது இதிலிருந்து நிரூபணமாயிற்று. அன்று மாலை சமீருல்லா வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது.

அடுத்த உத்தி அதைவிடப் பெரிது. ஜெர்மானியர்கள் தினமும் வானிலை அறிக்கை அனுப்புவார்களாம். குழப்பிய செய்தி எவ்வளவு புரியாமல் இருந்தாலும், அதற்குள் வானிலை என்ற சொல் எங்கோ ஒளிந்திருந்தே தீரும். அப்படி இருந்தே தீர வேண்டிய சொல்லை ஊகித்து, செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்துத்தான் பூட்டைத் திறந்தார்கள். அதற்கு அங்கே 'க்ரிப்' என்று பெயர்.

"ஆள் தெனமும் இன்னா சொல்லுவான்னு தெரிஞ்சா போதும் சார். அவ்ளோதான் விஷயம். கத முடிஞ்சிது."

இப்படிச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு பீரோ முன்னால் நின்றார். அக்தரி தினமும் என்ன சொல்வார்? முப்பத்தைந்து ஆண்டு தாம்பத்தியம். யோசித்தார். பேனாவை மூடினார். திறந்தார். அவருக்கு ஒரு வாக்கியம் ஞாபகம் வந்தது: 'கானா நிகாலூங்?' சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்பது. அதை ஒலிப்பதிவோடு ஒட்டிப் பார்த்தார், பொருந்தவில்லை. வேறு வாக்கியம் வேண்டும். வேறு வாக்கியம் அவரிடம் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் இஃப்ராவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பேசுவது அவர் வழக்கம் என்பதால் மாடி வரைக்கும் கேட்டது. உருதுவில் பேசிக்கொண்டதன் சாரம் இது:

"உங்க அம்மி தெனம் உன்கிட்ட இன்னாம்மா பேசுவா?"

"அப்பா எங்கன்னு நான் கேப்பேன். ஷிப்மென்ட்ல இருக்காருன்னு சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாப்பா? அதான் தெனமும்."

தனக்கு மட்டுமல்ல, மகளுக்கும் ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். தளரவில்லை. சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனார். துணி தைப்பவரிடம் போனார். மனைவி என்ன பேசுவாள் என்று கணவனே வந்து விசாரித்தால் தெரு என்ன நினைக்கும்? தெரு அதைத்தான் நினைத்தது. "பொண்டாட்டிக்குப் பேச்சு நின்ன அப்புறம்தான் பாய்க்குக் காது வந்துருக்குது" என்றார் துணி தைக்கும் புகழேந்தி, ஊசியில் நூல் கோத்தபடி, அவர் முகத்துக்கு நேராகவே.

கடைசியாக, தினமும் காலையில் கேட்டருகே கூடையை இறக்கும் கீரைக்காரி ஆரோக்கியமேரியிடம் வந்து நின்றார். மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏம்மா, எங்க வீட்ல உன்கிட்ட எதுனா பேசுவாங்களா?"

"நல்லா கேட்டே போ பாய்! பாயம்மா பேச ஆரம்பிச்சா என் கீரையே வாடிப்பூடும்."

"எந்த பாஷையில?"

"இது இன்னா கேள்வி? எனுக்கு உருதா தெரியும்? தமிழ்தான். அணைக்கட்டு தமிழு. அவுங்க ஊரு எங்க அத்த ஊருக்குப் பக்கம்தானே?"

சமீருல்லா கேட்டைப் பிடித்துக்கொண்டார். அக்தரி பேகம் அணைக்கட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்த முதல் வாரமே சமீருல்லாவின் தாயார், "இந்த வீட்ல உருதுதான்" என்று சொல்லிவிட்டார். மருமகள் கற்றுக்கொண்டார், ஒருநாளும் தவறவில்லை. அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டதால், வேறொரு மொழி அவருக்கு இருந்ததையே வீடு மறந்துபோனது.

"இன்னா பேசுவாங்க?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இன்னா பேசல? உன்ன மாதிரியே நடந்து காட்டும் பாய். கழுத்த இப்டி நீட்டிக்கினு, 'அதுக்கு ஒரு சிஸ்டம் இருக்குது'ன்னு சொல்லும் பாரு, நான் கூடைய போட்டுட்டு சிரிப்பேன். கோச்சிக்காத பாய், இப்ப சொல்றதுல இன்னா." மேரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தெனம் ஒண்ணு சொல்லும். 'எங்க அக்கா வூட்டுக்குப் போவணும் மேரி, இந்தாளுகிட்ட சொன்னா அடுத்த ஷிப்மென்ட்டு முடியட்டும்னுவாரு'ன்னு. சிரிச்சிக்கினேதான் சொல்லும். சிறுகீர குடுக்கட்டா?"

மேரி கையில் கொடுத்த கீரைக்கட்டோடு சமீருல்லா மாடியேறி என்னிடம் வந்தார். இத்தனை காலத்தில் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. கைப்பேசியை என் மேசையில் வைத்து ஓடவிட்டார். கூடவே வெள்ளிப் பேனாவின் பின்பக்கத்தால் தாளம் தட்டினார்.

நன்ன. என்ன.

நன்னா நூன்ல. அக்கா வூட்ல.

நொன்னு நோ. கொண்டு போய்.

நுன்னுன்னு. உட்டுட்டு.

கோட்டுக்குக் கோடு பொருந்தியது. பிளெட்ச்லியில் பூட்டுத் திறந்த அன்று எப்படி இருந்திருக்குமோ, அப்படி எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பிரமாதம் பாய்!" என்று கத்தியேவிட்டேன். அவர் கத்தவில்லை. கைப்பேசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுக்கான இடைவெளி வந்தது. அப்புறம் மீதி.

நீன்ன நோன்னுன்ன.

இதற்கு அவர் தாளம் தட்டவில்லை. தட்டாமலே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. நீங்க போய்டுங்க.

கீரைக்கட்டை என் மேசையிலேயே மறந்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார்.

அணைக்கட்டு அப்படியொன்றும் ஜெர்மனியில் இல்லை. பள்ளிகொண்டா வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அக்கா உயிரோடு இருக்கிறார். மகன்கள், மருமகள்கள், ஆடுகள் என்று வீடு நிறைய ஆள் உண்டு. அன்றோ மறுநாளோ வாசலில் கார் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. மாலையில் வழக்கம்போல 'க்யா ஹோனா' கேட்டது. மறுநாளும் கேட்டது. இடது கதவு நிரம்பிய வாரத்தில்தான் பூட்டுத் திறந்தது. வலது கதவில் இருப்பவை எல்லாம் அதற்குப் பிறகு போட்ட கோடுகள்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்போ பாய் அணைக்கட்டு?"

"சார், பிளெட்ச்லில படிச்ச சேதி எல்லாத்துக்கும் உடனே ஆக்‌ஷன் எடுத்துட்டாங்கன்னு நெனக்கிறீங்களா? எடுக்க மாட்டாங்க. எடுத்தா, நாம படிச்சிட்டோம்னு எதிரிக்குத் தெரிஞ்சிடும். படிச்சும் படிக்காத மாதிரி இருக்கணும். அதான் கஷ்டமான வேலையே."

"அங்கே எதிரி ஜெர்மன்காரன். இங்கே யாரு?"

அவர் கைக்குட்டையை எடுத்து எட்டாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நீங்களும் கூடப் போய் இருக்கலாமே பாய். அக்கா வீடுதானே, வேண்டாம்னா சொல்வாங்க?"

"ரெண்டாவது பாதிய நீங்களும் கேட்டீங்க சார்."

தெருவில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அவர்கள் பேசிக்கொண்டே கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"கொண்டுபோய் உட்டுட்டு வந்தா இந்த வீட்ல நானும் பீரோவும்தான். அவ அங்க நல்லாவே இருப்பா. பேச்சுகூட திரும்பிடும், யாரு கண்டா. அது எனக்குத் தெரியாதா?" கைக்குட்டை மீண்டும் எட்டானது. "முப்பத்தஞ்சு வருஷத்துல என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல சார். இப்ப தெனம் சொல்றா. என் மூஞ்சப் பாத்துச் சொல்றா. ஒரே சேதியா இருந்தா இன்னா? என்கிட்டதானே சொல்றா."

ஆஸ்பத்திரிப் பெண் கிறிஸ்டினா இரண்டு முறை போனில் கூப்பிட்டார். வீட்டுப் பாஷையில் ஏதாவது முன்னேற்றம் உண்டா என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "ட்ரை பண்ணிக்கினே இருக்கறம்மா, இன்னும் ஒண்ணும் பிடிபடல" என்றார் சமீருல்லா. ஆரோக்கியமேரி கேட்டருகே நின்று, "உள்ள வந்து பாயம்மாவ ஒரு வாட்டி பாத்துட்டுப் போவட்டா?" என்று கேட்டபோது, டாக்டர் யாரையும் விடக்கூடாது என்று சொல்லியிருப்பதாகப் பதில் வந்தது. மேரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் கேட்கும்படி தேவைக்கு மேல் உரக்க, "கீரே" என்று கூவிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து ஏதோ பதில் வந்தது. என்னவென்று விளங்கவில்லை. சிரிப்பு மாதிரி இருந்தது.

நேற்று மாலை நான் படியிறங்கும்போது அவர் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். உள்ளே அக்தரி பேகம் அன்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டிருந்தார். போர்வையைத் தட்டும் சத்தமும் சேர்ந்து வந்தது. சமீருல்லா முகத்தைத் துண்டால் ஒற்றினார். மேலே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்துப் புருவங்களைச் சுருக்கினார். சரியாக வரவில்லை. தளர்த்தினார். தலையைச் சற்றுச் சாய்த்து, கீழுதட்டைப் பிதுக்கி, மறுபடியும் சுருக்கினார். இந்தத் தடவை வந்துவிட்டது. எதுவுமே புரியாத ஒரு மனிதனின் முகம். அது கலைந்துவிடாமல் இருப்பதற்காகக் கழுத்தை அசைக்காமல், விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தை ஏந்திப் போகிறவரைப் போல மெல்ல அடியெடுத்து வைத்து, திரையை விலக்கி உள்ளே போனார்.